தங்கை வந்த வீட்டில் எந்தத் தண்ணீர்?

வளைகாப்பு முடிந்து தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்த அன்று, சம்பந்தி வீட்டு அத்தை எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து குடத்தை எட்டிப் பார்த்தார். "குடிக்க என்ன தண்ணீர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். அம்மா குழாய்த் தண்ணீர் என்றார். நான் கேன் என்றேன். எழுபத்தெட்டு வயது அப்பத்தா கொஞ்சமும் தயங்காமல் ஊற்றுத் தண்ணீர் என்றார். மூன்றுமே உண்மை. அவரவருக்குத் தோன்றியதை அவரவர் குடித்துக்கொண்டிருந்தோம். அன்று இரவுதான் முதன்முறையாக உட்கார்ந்து, எதைக் குடிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று வீட்டில் பேசினோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் இங்கே வருகிறது, தினமும் வராது. வராத நாட்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கரை மணலில் மூன்று நான்கு அடி தோண்டினால் ஊற்று. கசிந்து தேங்குவதைச் சிரட்டையால் அள்ளி அள்ளி ஊற்றி ஒரு குடம் நிரப்புவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். கூப்பிடு தூரத்தில் கடல் இரைகிறது, சிரட்டையிலோ நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதப்பதால் கிடைக்கும் வரம் அது. மேலாகவே மிதப்பதால் தரையில் கிடக்கும் அசுத்தமும் சுலபமாக அதில் இறங்கிவிடும். கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் விட வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பாடம். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவிலேயே அவ்வளவு இடம் கிடையாது.

குழாய்த் தண்ணீர் மட்டும் என்ன வாழ்கிறது? அழுத்தம் குறைவு என்பதால் தெருவில் பாதிப்பேர் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கித்தான் பிடிக்கிறோம். தண்ணீர் நின்றபிறகு அந்தக் குழியைப் பார்க்க வேண்டும். சிந்திய தண்ணீர், ஆட்டுப்புழுக்கை, வாய்க்கால் கசிவு எல்லாம் தேங்கி, குழாயின் வாயே அதில் மூழ்கிக் கிடக்கும். விநியோகம் நின்று குழாய் காலியாகும்போது உள்ளே உறிஞ்சும் விசை உண்டாகிறது. குழித்தண்ணீர் உள்ளே போய்விடும். மறுமுறை தண்ணீர் திறக்கும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். முதல் இரண்டு குடத்தைப் பாத்திரம் துலக்க ஒதுக்குவது எங்கள் அம்மாவின் வழக்கம். காரணம் தெரிந்து செய்தாரோ என்னவோ, சரியாகத்தான் செய்திருக்கிறார்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்? மலத்தில் வெளியேறி வாய்வழியே திரும்பி வரும் கிருமிகள்தான் இதில் எதிரி. காலரா, டைபாய்டு, சீதபேதி, குழந்தைகளின் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு, ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் இ என்ற இரண்டு மஞ்சள் காமாலைகள். இந்தக் கடைசி ஒன்றுதான் எங்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. ஹெபடைட்டிஸ் இ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும் காமாலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் கல்லீரல் செயலிழந்து, நோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறக்க நேரிடும். இதற்குச் சீனாவில் உரிமம் பெற்ற தடுப்பூசி ஒன்று உண்டு. நம் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்காது. ஏழு மாதத் தங்கைக்கு இருக்கும் ஒரே தடுப்பு, அவள் குடிக்கும் தண்ணீர்.

இந்த இடத்தில் அப்பத்தா குறுக்கிட்டார். காலம்காலமாக ஊற்றுத் தண்ணீர் குடித்த உடம்பு, பழகிப்போன உடம்பு, ஒன்றும் செய்யாது என்றார். இந்தப் பேச்சைக் கடற்கரை முழுக்கக் கேட்கலாம். முற்றிலும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஹெபடைட்டிஸ் ஏ சிறுவயதில் வந்தால் பெரும்பாலும் அடையாளமே தெரியாமல் வந்து போகும்; போகும்போது ஆயுளுக்கும் எதிர்ப்பாற்றலைத் தந்துவிட்டுப் போகும். சென்னையில் வளர்ந்த சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்து காமாலையோடு திரும்பினான், உள்ளூர்ப் பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அதன் சூட்சுமம் இதுவாக இருக்கலாம். எல்லாக் கிருமியும் அப்படி நடந்துகொள்வதில்லை. டைபாய்டு ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வரலாம். காலராவுக்கு எதிராக உடம்பு கற்றுக்கொள்வது சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். சீதபேதியைத் தரும் ஷிகெல்லாக் கிருமியில் பல வகைகள். ஒன்றுக்குப் பழகிய உடம்பு இன்னொன்றிடம் ஏமாறும். பழகிய உடம்பு என்று நாம் சொல்வது தப்பிப் பிழைத்தவர்களின் உடம்பை. ஏழு பெற்று நான்கைத்தான் வளர்த்தேன் என்று அப்பத்தாவே பலமுறை சொல்லியிருக்கிறார். மற்ற மூன்று பேரும் இதே ஊற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள்தானே என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை.

அப்பத்தாவின் உடம்பிலும் ஒரு கோட்டை இடிந்துதான் இருக்கிறது. தண்ணீரோடு வரும் கிருமிக்கு நம் உடம்பு வைத்திருக்கும் முதல் காவல் இரைப்பை அமிலம். காலராக் கிருமி அமிலத்துக்கு அஞ்சும். நலமாக இருக்கும் ஒருவருக்கு நோய் வர ஏறத்தாழ பத்துக் கோடிக் கிருமிகள் உள்ளே போக வேண்டும். அமிலத்தை முறித்துவிட்டால் சில ஆயிரம், பத்தாயிரமே போதும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அப்பத்தா மூன்று ஆண்டுகளாக நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வாசற்காவலரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்ட வீடு மாதிரி. ஷிகெல்லாவோ அந்தக் காவலரையே மதிக்காது, பத்திலிருந்து நூறு கிருமிகள் உள்ளே போனாலே சீதபேதி வந்துவிடும். என் இரண்டு வயது மகனுக்கு எதிர்ப்பாற்றல் இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறது. ஆக, ஒரே கூரையின்கீழ் மூன்று பேர் மூன்று விதமாக அபாயத்தில் இருந்தார்கள்.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

முதலில் கேன். 20 லிட்டர் கேன் எங்கள் தெருவுக்கு ஆட்டோவில் வருகிறது. வசதி என்றால் அப்படியொரு வசதி. அதன் நம்பகம் எல்லாம் நிரப்புகிற இடத்தின் நேர்மையில் இருக்கிறது. மூடியில் உறை, நிரப்பிய தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கையில் உள்ள சோதனை. சென்ற கோடையில் எங்களுக்கு வந்த கேன்களில் பாதிக்கு உறையே இல்லை. கேட்டால், வெயிலில் கழன்றுவிட்டது என்று பதில் வந்தது. பச்சைப்பாசி படிந்த கேன் ஒன்றும் வந்தது. உட்சுவரில் விரல் வைத்தால் வழுக்கியது. அதில் நல்ல தண்ணீரை ஊற்றினாலும் அது நல்ல தண்ணீராக இருக்காது. திறந்த கேனைப் பத்து நாள் வைத்துக் குடிக்கும் வீடுகளும் உண்டு. அவசரத்துக்கும் விசேஷத்துக்கும் கேன் இருக்கட்டும், அன்றாடத்துக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

அடுத்தது ஆர்.ஓ. இயந்திரம். மாப்பிள்ளை வாங்கித் தருவதாகவே சொன்னார். விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர்களில் தண்ணீர் வைத்து, மின்கம்பிகளை விட்டு ஒரு வித்தை காட்டினார். எங்கள் குழாய்த் தண்ணீர் கண்ணெதிரே சாக்கடைபோல் பழுப்பாகிப்போனது, ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நின்றது. அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். உண்மை என்னவென்றால், தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பியின் இரும்பு கரைந்து துருவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. டம்ளரில் பழுப்பாகத் தெரிந்தது அவர் கொண்டுவந்த இரும்புதான். அடுத்து நீட்டிய டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பைத்தான் அளக்கும். கோடிக் கிருமி மிதந்தாலும் அந்த எண் அசையாது.

இதனால் ஆர்.ஓ. வீண் என்று சொல்ல வரவில்லை. உப்பை எடுக்க வீட்டில் இருப்பவற்றில் அது ஒன்றுதான் வழி. கொதிக்கவைத்தால் உப்பு போகாது, தண்ணீர் சுண்டச்சுண்டக் கூடத்தான் செய்யும். குளோரினுக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம். ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருக்கும் கடலோர வீடுகள் பல அதையும் தாண்டும். அந்த வீடுகளுக்கு ஆர்.ஓ. ஆடம்பரமில்லை. எங்கள் மாவட்டத்து நரிப்பையூரில் அரசே கடல்நீரை இந்த முறையில்தான் குடிநீராக்கியது. காவிரித் தண்ணீர் வரும் எங்கள் வீட்டுக்கோ எடுக்க வேண்டிய உப்பே இல்லை. வீட்டு இயந்திரம் ஒரு லிட்டர் தருவதற்குச் சுமார் மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். தள்ளுவண்டியில் குடம் சுமக்கும் ஊரில் அந்தக் கழிவுக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, உள்ளே இருக்கும் கரித்தூள் வடிகட்டி குளோரினை உறிஞ்சிவிடும். வெளியே வரும் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் நிராயுதபாணி. அது தேங்கும் தொட்டியை ஒழுங்காகக் கழுவாவிட்டால் அங்கேயே கிருமி குடியேறும்.

கொதிக்கவைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை என்றே சொல்லிவிடலாம். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கே மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி எல்லாம் ஒழிந்துவிடும். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று சுண்டவைப்பது எரிவாயுவுக்குக் கேடு. அதன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 10 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 100 கிராம் எரிவாயு ஆகும். தினமும் என்றால் மாதம் 3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆறு பேர் வீட்டுக்கு முழுவதும் இது கட்டாது. இரண்டு பேருக்குத் தாராளமாகக் கட்டும்.

கொதிநீரைக் கெடுப்பது அதற்குப் பிறகு நாம் செய்யும் காரியங்கள். ஆற வேண்டும் என்று இரவெல்லாம் திறந்துவைப்பது ஒன்று. குழாய்த் தண்ணீரில் அலசிய வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது ஒன்று. எல்லாவற்றையும்விட மோசம், விளாவிக் கொடுப்பது. வெந்நீர் கேட்கும் வாடிக்கையாளருக்கு உணவகங்களில் செய்வது இதைத்தான். பாதிக் கொதிநீர், பாதிப் பச்சைத்தண்ணீர், தொட்டால் இதமான சூடு. அந்தச் சூடு கிருமிக்கும் இதம். வெந்நீர்தான் குடித்தேன், எப்படி டைபாய்டு வந்தது என்று கேட்பவரிடம் விளாவினீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

குளோரினுக்கு எங்கள் வீட்டில் ஆதரவே இல்லை. ஆஸ்பத்திரி வாடை என்று அம்மாவும், மருந்து போட்ட தண்ணீர் குடலைப் புண்ணாக்கும் என்று அப்பத்தாவும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். என் மனத்தை மாற்றியது ஒரு சோதனை. சுகாதார ஆய்வாளர் ஒருவர் தெருவுக்கு வந்திருந்தார். சிறு கண்ணாடிக் குழலில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டார். இளமஞ்சள் படர்ந்தது, குளோரின் இருக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டுக் குடத்திலிருந்தும் கொஞ்சம் கொண்டுவந்து நீட்டினேன். சொட்டு விட்டார். நிறம் மாறவே இல்லை. அதே குழாயில் மூன்று நாளுக்கு முன்னால் பிடித்த தண்ணீர். வாசலில் ஆயுதத்தோடு வந்தது, அடுப்படியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தது.

அதுவரை எந்த முறை அதிகக் கிருமியைக் கொல்லும் என்றே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது வேறு கேள்வி. தினமும் தண்ணீர் வரும் ஊருக்கு அந்த ஒப்பீடு போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை பிடித்துச் சேமிக்கும் ஊரில், கொன்றபிறகு மறுபடி வந்து விழுகிற கிருமியை எது தடுக்கும்? கொதிநீர் தடுக்காது, ஆர்.ஓ. தடுக்காது. தண்ணீரில் மிச்சமாக நின்று காவல் காப்பது குளோரின் ஒன்றுதான். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நின்றாலே போதும் என்பது இந்தியத் தர அளவு. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் போடத் தொடங்கியது முதல், டைபாய்டு உலகின் பல நகரங்களில் அடங்கியதற்கு இந்த மிச்சக் குளோரின் ஒரு பெரிய காரணம். இன்னொரு பழைய முறை ஆளை நிறுத்திவைப்பது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரைக் காலராவுக்கும் பிளேக்குக்கும் பயந்து பிரிட்டிஷ் காலத்தில் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் தடுத்துவைத்துத்தான் கப்பலேற்றினார்கள். மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தக் கதையின் மிச்சம் இருக்கிறது. அறிகுறியே இல்லாதவரும் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார் என்பதால், ஆளைத் தடுப்பதைவிடத் தண்ணீரைக் காப்பதே தேறியது.

பிளீச்சிங் பவுடரா, குளோரின் மாத்திரையா? பெரிய தொட்டி என்றால் பவுடர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நேரே கொட்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். நம் கடற்கரை ஈரத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் அது சீக்கிரமே பறந்துவிட்டிருக்கும், மிஞ்சுவது கோலப்பொடி. குடத்துக்கும் டிரம்முக்கும் மாத்திரைதான் சரி. உறையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதோ அதன்படி போட்டு, அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். கலங்கல் தண்ணீரில் குளோரின் வீணாகிவிடும். ஊருணித் தண்ணீர் குடிக்கும் ஊர்க்காரர்கள் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துத் தெளியவைக்கும் பழைய பழக்கத்தை விடாமல், அதன்பிறகு மாத்திரை போடுவது நல்லது. மண்பானையில் குளோரின் சில மணி நேரமே தாங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பானைத் தண்ணீரின் குளுமையை விட முடியாதவர்கள் தினமும் புதிதாக ஊற்றிக்கொள்ள வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேண்டில் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். தங்கைக்கு அது பயன்படாது. செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தால் காலரா, டைபாய்டு வகைப் பாக்டீரியாக்கள் மடிவதை ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். பாட்டி சொல்லைக் காப்பாற்றும் செய்தி என்றாலும் காமாலை வைரஸுக்கு அதை நம்ப மாட்டேன். தெளிந்த தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்துவதும் பலன் தரும். படகில் போகிறவர்களுக்குச் சரிப்படலாம், பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குப் போதாது. சேலைத் துணி வடிகட்டலை மட்டும் ஏளனமாக நினைக்க வேண்டாம். காலராக் கிருமி உவர்நீரில் வாழும் நுண்ணிய ஓடுடைய உயிரிகளின்மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பழைய பருத்திச் சேலையை நான்காக, எட்டாக மடித்தால் அந்த உயிரிகள் துணியிலேயே தங்கிவிடும். வங்கதேசக் கிராமங்களில் அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் குழுவினர் இதைச் செய்துபார்த்து, காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளியிட்டார்கள். வேறெதுவும் கிடைக்காத புயல் நாளில் இது கைகொடுக்கும்.

எங்கள் முடிவு ஒரே முறையில் நிற்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். அப்பத்தாவிடம் அதற்கு இரண்டு நாள் வாதாட வேண்டியிருந்தது. வீட்டுக்கு எல்லாம் குழாய்த் தண்ணீர், மாத்திரை போட்டு. தங்கைக்கும் மகனுக்கும் அதையே இரவில் கொதிக்கவைத்து, கொதித்த பாத்திரத்திலேயே மூடியோடு ஆறவிட்டு, மறுநாள் இரவுக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் செடிக்கு. மகனுக்கு ரோட்டா சொட்டுமருந்து மூன்று தவணையும் அரசுத் திட்டத்தில் முடிந்திருந்தது. டைபாய்டுக்கு ஆறு மாதம் முதல் போடக்கூடிய ஒற்றைத் தவணை ஊசி இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டோம். இத்தனைக்குப் பிறகும் வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கத் தங்கைக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். சிறுநீர் குறைந்தாலோ கண் மஞ்சளானாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

செலவு என்று பார்த்தால் பெரியது ஒன்றே ஒன்று: கீழே குழாய் வைத்த 30 லிட்டர் எவர்சில்வர் டிரம். ஆர்.ஓ. இயந்திரத்தின் விலையில் ஒரு மூலைக்கும் வராது. சொம்பை உள்ளே விட்டு அள்ளினால், சொம்பைப் பிடித்த ஐந்து விரலும் தண்ணீரில் நனைகிறது. அந்த விரல்கள் அதற்கு முன்னால் எங்கிருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயில் பிடித்தால் இந்தப் பேச்சே இல்லை. வாரம் ஒருநாள் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறோம். கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும் என்பதால், வெளியே நிற்கும் பிளாஸ்டிக் டிரம்களுக்கும் அன்றைக்கே தேய்ப்பு.

டிரம் வந்த முதல் வாரம் அப்பத்தா குழாயைத் தொடவே இல்லை. சொட்டுச்சொட்டாக வருகிறது, தாகம் தீரவில்லை என்று சொல்லி, யாரும் பார்க்காத நேரத்தில் மூடியைத் திறந்து சொம்பைவிட்டு அள்ளினார். மூடி விழும் சத்தம் கேட்டு ஓடிப்போனால் சொம்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும். இப்போது மூடியின்மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்திருக்கிறோம்.